மாய மை செய்முறையில் பல்பை நீக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவர் பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் செய்முறை ஒன்று உண்டு. எலுமிச்சைச் சாற்றால் எழுது, காயவை, எரியும் பல்பின் அருகே பிடி, எழுத்து தெரியும். குண்டு பல்பு காலத்தில் இது சரிதான். வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை அது வெப்பமாகவே வெளியே விட்டது. இன்றைய எல்.இ.டி. விளக்கின் முன் எத்தனை நேரம் பிடித்தாலும் காகிதம் பழுப்பாகாது. எழுத்து வரவில்லை என்றதும் பிள்ளைகள் அடுத்துத் தேடுவது மெழுகுவத்தியைத்தான். சுடரின் மேல் பிடித்த காகிதம் பழுப்பாவதற்கும் பற்றிக்கொள்வதற்கும் இடையே சில நொடிகள்கூட இருக்காது. ஆகவே, பல்பையும் மெழுகுவத்தியையும் நீக்கிவிட்டு அளவுகளோடு இதை வெளியிட வேண்டுகிறேன்.

சாறு இரண்டு தேக்கரண்டி, தண்ணீர் ஒரு தேக்கரண்டி போதும். தண்ணீரே சேர்க்காவிட்டால் காய்ந்த பின் லேசான மஞ்சள் கறை தெரிந்து குட்டு வெளிப்பட்டுவிடும். அதிகம் சேர்த்தால் சூடுபடுத்தும்போது எழுத்து மங்கலாகத்தான் வரும். விதையும் சதையும் இல்லாமல் வடிகட்டிக்கொள்ள வேண்டும்; ஒட்டிய நார் காய்ந்ததும் துருத்திக்கொண்டு நிற்கும்.

எழுதுவதற்குப் பஞ்சுக்குச்சி நல்லது. பல் குத்தும் குச்சியால் அழுத்தி எழுதினால் காகிதத்தில் கோடு பதிந்துவிடும். அதை விளக்கொளிக்குச் சாய்த்துப் பிடித்தால் சூடே இல்லாமல் படித்துவிடலாம். பஞ்சு சொட்டச் சொட்ட இருந்தாலும் தொல்லைதான். காகிதம் நெளிந்து, எழுதிய இடம் மேடு பள்ளமாகக் காட்டிக்கொடுக்கும். முக்கியெடுத்துக் கிண்ண விளிம்பில் ஒரு முறை வழித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். சாதாரண வெள்ளைத்தாள் வேண்டும், வழவழப்பான தாளில் சாறு இழைக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும். எழுத்து விரல் அகலத்துக்குப் பெரிதாக இருக்கட்டும்.

முழுதாகக் காய அரை மணி நேரம் ஆகலாம். அவசரப்பட்டு ஈரத்தோடு சூடுபடுத்தினால் சாறு பரவி எழுத்து திட்டுத்திட்டாகிவிடும். வெப்பத்துக்கு இஸ்திரிப் பெட்டி போதும். அதைப் பெரியவர் மட்டுமே கையாள வேண்டும், பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கலாம். பருத்தித் துணிக்கான சூட்டில் வைத்து, நீராவியை அணைத்துவிடுங்கள். மடித்த பருத்தித் துணியின் மேல் எழுதிய பக்கம் கீழே இருக்கும்படி தாளை விரித்து, பெட்டியை நகர்த்திக்கொண்டே பத்துப் பத்து நொடியாகத் தேய்த்துப் பார்க்க வேண்டும். எழுத்து தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் என்று தொடர்ந்தால் தாள் முழுவதும் பழுப்பேறி, வந்த எழுத்தும் அதில் மறைந்துபோகும்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதையும் ஒற்றை வரியில் முடித்துவிடக் கூடாது. தண்ணீர் ஆவியாகிப் போனாலும் சிட்ரிக் அமிலமும் சர்க்கரையும் தாளின் இழைகளில் தங்கிவிடுகின்றன. சூடு ஏறும்போது அமிலம் காகித இழையின் மூலப்பொருளான செல்லுலோஸைச் சிதைக்கிறது, சர்க்கரையும் பழுப்பாகிறது. அதனால் மற்ற இடங்களுக்கு முன்பே எழுதிய இடம் கருக்கத் தொடங்குகிறது. அதாவது, நிறம் மாறுவது சாறு மட்டுமல்ல, அதன் அடியில் இருக்கும் காகிதமும்தான். இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரே தாளில் எலுமிச்சைச் சாறு, பால், சர்க்கரைத் தண்ணீர், வெறும் தண்ணீர் நான்காலும் தனித்தனியே ஒரு கோடு போடட்டும். வெறும் தண்ணீர்க் கோடு வராது. அந்த நான்காவது கோடு இல்லாவிட்டால் இது வித்தை காட்டுவதுதான், சோதனை ஆகாது.

முதல் உலகப் போரின்போது, 1915இல் லண்டனில் சுட்டுக்கொல்லப்பட்ட ஜெர்மானிய உளவாளி கார்ல் முல்லர் மீதான வழக்கில், அவர் ரகசியச் செய்தி எழுதப் பயன்படுத்திய எலுமிச்சம்பழமே சான்றாக வைக்கப்பட்டது. சூடு காட்டத் தெரிந்த எவரும் படித்துவிடக்கூடிய மை இது என்று பிள்ளைகளிடம் சொல்ல இந்த ஒரு செய்தி போதும்.

இஸ்திரிப் பெட்டியே வேண்டாம் என்பவர்களுக்குச் சமையல் சோடா இருக்கிறது. சோடாவும் தண்ணீரும் சம அளவு என்று பல குறிப்புகளில் பார்க்கிறோம். அவ்வளவும் கரையாது. 100 மில்லி தண்ணீரில் சுமார் 10 கிராமுக்குக் குறைவாகத்தான் கரையும். மிச்சம் வெள்ளைப் பொடியாகத் தாளில் படிந்து பளிச்சென்று தெரியும். ஒரு தேக்கரண்டி சோடாவுக்கு 60 மில்லி தண்ணீர் சரியாக இருக்கும். அதில் எழுதிக் காயவைத்து, அடர்ந்த ஊதாத் திராட்சைச் சாற்றைத் தூரிகையால் மெல்லப் பூசினால், சோடாவின் காரத்தன்மையால் எழுத்து வேறு நிறத்தில் பிரிந்து தெரியும். மஞ்சள்தூளையும் பயன்படுத்தலாம், செம்பழுப்பு எழுத்து கிடைக்கும். ஆனால் மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் கரைவதில்லை, ஸ்பிரிட்டில்தான் கரையும். ஸ்பிரிட் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அதைப் பெரியவரே கலந்து பூச வேண்டும். அப்படிப் பூசிய தாளை எக்காரணம் கொண்டும் இஸ்திரிப் பெட்டியிடம் கொண்டுபோகக் கூடாது.

ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இவை எதுவுமே தேவையில்லை. வெள்ளை மெழுகு வண்ணக்குச்சியால் அழுத்தி எழுதி, மேலே நீர்வண்ணத்தை நீர்க்கக் கரைத்துப் பூசினால் மெழுகு தண்ணீரை ஒதுக்கிவிடும், எழுத்து வெள்ளையாகவே நிற்கும். செய்முறையின் தலைப்பிலேயே வயதையும், பெரியவர் செய்ய வேண்டிய படி எது என்பதையும் தடித்த எழுத்தில் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை