அசல் ஒயரைக் கழற்றிவிடு, கண்ணு

அன்புள்ள மகளுக்கு,

நீ பழுதுபார்க்கிற, மோட்டாரில் தானாக வாசிக்கிற அந்தப் பழைய பியானோவின் படங்களை அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். துருத்திக்குப் புதுத் துணி ஒட்டியிருக்கும் நேர்த்தியைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் கடைசிப் படத்தில், மோட்டாருக்குப் போகும் நூல் சுற்றிய ஒயரைப் பார்த்ததும் பகீரென்றது. "அசல் ஒயர் அப்பா, அப்படியே இருக்கு" என்று வேறு எழுதியிருக்கிறாய்.

நூல்தான் அப்படியே இருக்கிறது, உள்ளே இருப்பது நூறு வருஷத்து ரப்பர். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, மோட்டார் பக்கம் லேசாக வளைத்துப் பார், கறுப்பாகப் பொடி உதிரும். ரப்பர் உதிர்ந்து உள்ளே இருக்கிற செம்புக் கம்பி மோட்டார் உடம்பில் பட்டாலும், எர்த் இல்லாததால் ஃபியூஸ் போகாது, மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், எண்ணெய் விட நீ கை வைக்கிற அன்றைக்குத்தான் தெரியும். மோட்டார் வைண்டிங்கிலேயே காலம் தள்ளியவன் சொல்கிறேன், அந்த ஷாக் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைவிடப் பயம் தீதான். சுற்றிலும் காய்ந்த மரம், கம்பளி, பாட்டைத் துளைகளாகப் பதித்த காகித ரோல். தானாக வாசிக்கிற பியானோ என்பதால் ஓடவிட்டு எழுந்து போய்விடுவார்கள். காலால் மிதிக்கிற பியானோலா என்றால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

துருத்தித் துணியை மாற்றினாய், ரப்பர் குழாய்களை மாற்றினாய், அசல் போச்சே என்று நீ வருத்தப்படவில்லை. ஒயருக்கு மட்டும் ஏன்? 1904-ல் வெல்ட்டே-மின்யோன் என்கிற, பியானோவைத் தானாக வாசிக்க வைக்கும் அமைப்பு வந்தபோது அதன் பெருமையே, வாசித்தவர் எவ்வளவு மெதுவாக, எவ்வளவு அழுத்தி வாசித்தார் என்பதையும் ரோலில் பிடித்து வைத்ததுதான். உன் பியானோவும் அந்த வம்சம். அதன் அசல் வால்விலும் துருத்தியிலும் இருக்கிறது, அதில் ஒன்றையும் நீ விட்டுக்கொடுக்க வேண்டாம்.

நூல் பின்னிய மூன்று கோர் ஒயர் (ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்று உள்ளே மூன்று கம்பி) இப்போதும் கிடைக்கிறது, பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. எர்த்தை மோட்டார் உடம்புக்கும் பியானோவின் இரும்புச் சட்டத்துக்கும் கொடு. ஒயர் உள்ளே நுழையும் இடத்திலேயே ஒரு ஃபியூஸ். ஸ்விட்ச் ஃபேஸில் இருக்கட்டும். மோட்டாரைத் தூக்கிப் போடாதே, தனியாகக் கழற்றி இன்சுலேஷனை அளக்கிற 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார், ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் வைண்டிங்கை மட்டும் புதிதாகச் சுற்றச் சொல், உடம்பும் பெயர்த்தகடும் அதேதான். கழற்றிய ஒயரை ஒரு கவரில் போட்டு, எங்கிருந்து எடுத்தாய் என்று எழுதி பியானோவுக்குள்ளேயே வைத்துவிடு.

மெக்கர் ரீடிங் வந்ததும் எனக்கு அனுப்பு. அதுவரை ப்ளக்கைச் செருகாதே, கண்ணு.

அப்பா