நான்கு சர்க்கரைக் கட்டியில் தொடங்கலாம்

ஆசிரியருக்கு, வணக்கம்.

பழைய ஆங்கில நாடகங்களின் நகைச்சுவை மாணவர்களுக்குப் பிடிபடுவதில்லை என்ற குறைக்கு, பெரும்பாலும் பாடம் தொடங்கும் இடமே காரணம். காலவரிசைப்படி ஷேக்ஸ்பியரில் ஆரம்பித்து, ‘காமெடி’க்கு இலக்கணம் எழுதிப் போட்டுவிட்டுக் காட்சிக்குப் போனால், சிரிப்பு வர வேண்டிய இடத்தில் பேனா கீறும் சத்தம்தான் வரும். வரிசையைத் தலைகீழாக்குவது நல்லது.

1895-ல் அரங்கேறிய ஆஸ்கர் வைல்டின் ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில் வரும் தேநீர்க் காட்சி முதல் வகுப்புக்கு ஏற்றது. முன்கூட்டிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். எர்னஸ்ட் என்பவன் தனக்கே நிச்சயமானவன் என்று குவெண்டலினும் நம்புகிறாள், சிசிலியும் நம்புகிறாள். தலைப்பில் உள்ள சிலேடைக்கு, Ernest என்ற பெயரையும், ‘மனப்பூர்வமான’ என்று பொருள்படும் earnest என்ற சொல்லையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதினால் போதும். எழுத்து வேறு, ஒலி ஒன்று.

ஒரு காலிக் கோப்பை, ஒரு தட்டு, சர்க்கரைக் கட்டிகளுக்குப் பதில் நான்கு சாக்பீஸ் துண்டுகள். முதல் முறை வசனமே வேண்டாம், கைவேலை மட்டும். விருந்தாளி குவெண்டலின் சர்க்கரை வேண்டாம் என்கிறாள். நான்கு கட்டிகள் விழுகின்றன. ரொட்டியும் வெண்ணெயும் கேட்கிறாள். பெரிய கேக் துண்டு போகிறது. கட்டிகளை மொத்தமாகக் கொட்டினால் காட்சி அங்கேயே படுத்துவிடும். ஒவ்வொன்றாக, ‘டொக்’ என்று கேட்கும்படி, எதிரே இருப்பவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே போட வேண்டும்.

வசனம் சேர்ந்ததும் மாணவர்கள் முகச்சேட்டையில் இறங்குவார்கள். அதைத் தடுக்க வேண்டும். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றும் பேச்சு இது. பேசுகிறவள் கண்ணியம் குலையாமல் இருந்தால்தான் ஊசி தெரியும். இன்னொரு தவறு, ஆள் போதவில்லை என்று பணியாளர் பாத்திரங்களை வெட்டுவது. சூடேறிய சண்டை அடங்குவதே அவர்கள் உள்ளே வந்து நிற்பதால்தான். அவர்கள் வெளியேறியதும் குவெண்டலின் தேநீரைக் குடித்து முகம் சுளித்து வெடிக்கிறாள். அவர்களை எடுத்துவிட்டால் அவள் பொறுமையாக இருக்கக் காரணமே இல்லை.

அடுத்து ஷெரிடனின் ‘தி ஸ்கூல் ஃபார் ஸ்காண்டல்’ (1777), நான்காம் அங்கத் திரைக் காட்சி. மறைப்புக்குப் பின்னால் ஒளிந்திருப்பவள் லேடி டீசில். அங்கே இருப்பது ஒரு பிரெஞ்சுத் தையற்காரி என்று நம்பிச் சிரிப்பவர் அவள் கணவர் சர் பீட்டர். வகுப்பை ஒரு பக்கமாக உட்காரவைத்து, மறைந்திருப்பவள் முகம் அவர்களுக்குத் தெரியும்படி செய்யுங்கள். இல்லையென்றால் அவள் இருப்பதையே மறந்துவிடுவார்கள். மறைப்பு விழுந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவது வழக்கமான சொதப்பல். மறைப்பைத் தள்ளிவிடும் இளைஞன் சார்ல்ஸும் சர் பீட்டரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள், கடைசிச் சொல் மட்டும் வேறு. ஒருவருக்கு வியப்பு, மற்றவருக்குச் சாபம். மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு முதல் வாக்கியம், சற்று இடைவெளி, பிறகு இரண்டாவது.

ஷெரிடனின் ‘தி ரைவல்ஸ்’ நாடகத்தில், ஒரு சொல்லுக்குப் பதில் ஒலி ஒத்த வேறு சொல்லைச் சொல்லும் மிஸஸ் மாலப்ராப் கொஞ்சம் கஷ்டம். நைல் நதிக்கரை ‘அலிகேட்டர்’ (முதலை) என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘அலிகொரி’ (உருவகக் கதை) என்கிறாள். இரண்டு சொல்லும் தெரியாதவனுக்கு இதில் சிரிக்க எதுவும் இல்லை. முதல் நாளே காரணம் சொல்லாமல் சொற்பட்டியலில் இரண்டையும் சேர்த்துவிடுங்கள். தவறான சொல்லை அழுத்திச் சொல்லக் கூடாது. அவளைப் பொறுத்தவரை அது சரியான சொல்.

ஷேக்ஸ்பியர் இதற்குப் பிறகு வரட்டும். அடிக்குறிப்பு இல்லாமல் புரியாத சிலேடைகளைத் தாராளமாக வெட்டலாம். ‘ட்வெல்ஃப்த் நைட்’டில் மால்வோலியோ என்ற வீட்டுக் காரியஸ்தன், தன் எஜமானி எழுதியது என்று நம்பிப் போலிக் கடிதம் படிக்கும் காட்சிக்கு அவன் பெயரையும், அதன் கீழே கடிதத்தில் வரும் எம், ஓ, ஏ, ஐ என்ற நான்கு எழுத்துகளையும் பலகையில் எழுதுங்கள். நான்கும் அவன் பெயரில் உண்டு, வரிசைதான் பொருந்தாது. எப்படி வளைத்தால் பொருந்தும் என்று மாணவர்களையே முயலச் சொல்லிவிட்டு, அதன்பின் காட்சியைப் படிக்கலாம்.

இப்படிக்கு,
ஆங்கில நாடகம் கற்பிக்கும் ஆசிரியர்கள்