தலை லேசாவதற்கு ஆக்சிஜன் காரணமில்லை

கோரிமேடு, புதுச்சேரி

அன்புள்ள மாப்ளே,

கடிதம் வந்தது. மகளுக்கு நெய்வேலியில் வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். என் பெரியவனுக்குப் பன்னிரண்டாவது பரீட்சை நெருங்குகிறது. வீட்டில் டிவி ஓடுவதே இல்லை. மற்றபடி நலம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கடலூர் சில்வர் பீச்சில் காலையில் கபாலபாதி மூச்சுப் பயிற்சியை வேகவேகமாகச் செய்தால் தலை லேசாகி, விரல் நுனியெல்லாம் மதமதக்கிறது, மூளைக்கு ஆக்சிஜன் ஏறுவதால்தான் அப்படி என்று உங்கள் யோகா மாஸ்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். மூளை ரத்த ஓட்டத்தை அளப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவனிடம் இதைச் சொன்னால் சும்மா இருப்பேனா? நடப்பது நேர் எதிர்.

சாதாரணமாக மூச்சு விடும்போதே தமனி ரத்தத்தின் ஹீமோகுளோபினில் 97, 98 சதவீதம் ஆக்சிஜன் நிரம்பியிருக்கிறது. அதற்கு மேல் ஏற்றப் பெரிதாக இடம் கிடையாது. வேகமாக மூச்சு விட்டால் கணக்கு மாறுவது கார்பன் டை ஆக்சைடில்தான். ரத்தத்தில் அதன் அழுத்தம் வழக்கமாக 40 மில்லிமீட்டர் பாதரசம். அது குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். 20 அளவுக்கு இறங்கினால் ரத்த ஓட்டம் ஏறக்குறைய பாதியாகிவிடும். உன் தலை லேசானது அதனால்தான். விரல் மதமதப்பு, ரத்தத்தில் காரத்தன்மை கூடி, கால்சியத்தின் ஒரு பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வருவது.

கழிவு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தக் காற்றுதான் மூளைக்குப் போகும் ரத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. 1945இல் கெட்டி, ஷ்மிட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகரவைத்து, கழுத்துச் சிரையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து, மனித மூளையின் ரத்த ஓட்டத்தை முதன்முதலாக ஒழுங்காக அளந்தார்கள். எங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 1982இல் ஆஸ்லிட் என்பவர் காட்டிய வழியில், நெற்றிப்பொட்டில் ஜெல் தடவி, ஸ்கேன் மாதிரி ஒலி அலையால் அளக்கும் டாப்ளர் கருவியை வைத்தால் உள்ளே ஓடும் ரத்தத்தின் வேகம் திரையில் தெரியும். கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை மாஸ்க்கில் கொடுத்ததும் கோடு மேலே ஏறுவதைப் பார்க்கவேண்டுமே! ஆனால் ஒன்று, டாப்ளர் காட்டுவது வேகத்தை மட்டும்தான், அளவை அல்ல. குழாயின் அகலம் மாறிவிட்டால் நம்மை ஏமாற்றிவிடும். இதை மறந்துவிட்டுப் பேப்பர் எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பது இதன் மறுபக்கம். மூச்சு ரத்த ஓட்டத்தை மாற்றுவது போல, ரத்த ஓட்டமும் மூச்சை மாற்றுகிறது. மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் கார்பன் டை ஆக்சைடை உணரும் செல்கள் இருக்கின்றன. ரத்தம் நன்றாக ஓடினால் அந்த வாயு அங்கிருந்து அடித்துச் செல்லப்படும். ஓட்டம் மந்தமானால் தேங்கும், உடனே மூச்சு வேகமெடுக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று பிடித்து நிறுத்தும். இதயம் பலவீனமான சிலருக்கு இந்தப் பிடி தளர்ந்து, தூக்கத்தில் மூச்சு ஏறி இறங்கி, சற்று நேரம் நின்றேபோகும். அது ஏன் ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வருவதில்லை என்பதில்தான் இப்போது மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

யோகாவைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. மெதுவாக மூச்சை இழுத்து விடு, நல்லதுதான். ஆனால் தேவனாம்பட்டினத்தில் தண்ணீருக்குள் யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்று பந்தயம் கட்டும் பையன்களைக் கண்டால் ஒன்று சொல். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு விடக்கூடாது. நம்மை மூச்சு விடச் சொல்லித் துரத்துவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடுதான். அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால், அது திரும்ப ஏறி நெருக்குவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடுவார்கள்.

அப்புறம், நம் வயசுக்காரர்கள் ஆராய்ச்சிக்குத் தேவைப்படுகிறார்கள். வருகிறாயா? சிலருக்கு நெற்றிப்பொட்டு எலும்பு தடித்து டாப்ளர் உள்ளே போகாது, உன்னுடையதைப் பார்த்துவிடலாம். ஒரே நிபந்தனை, காலையில் காபி கூடாது. அதுவும் மூளை ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். நீ அதற்கு ஒத்துக்கொள்வாயா என்பதுதான் என் சந்தேகம். வருவதானால் முதல் நாளே போன் போடு.

அன்புடன்,
உன் மாப்ளே