வராந்தா பெஞ்சில் நாற்பது நிமிடம்

சத்துவாச்சாரி, வேலூர்
நவம்பர் 6

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலியால் எழுத முடியவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் ஆக்சிலியம் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் மூன்று வருடம் இருந்தவளிடம் பொய் செல்லுமா? கோபமாக இருந்தேன். இரண்டு முறை எழுதத் தொடங்கி இரண்டு முறையும் கிழித்துப் போட்டேன். இன்று காலை வாசலில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வந்தது. வாங்கி, எண்ணெய்க் குழம்பு வைத்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்போது கோபம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

"நீதான் அந்த நெறிமுறைக் குழுவில் இருக்கிறாயே, கயலின் ஆய்வுக்கு அனுமதி கிடைக்க ஒரு வார்த்தை சொல்லி முடித்துக் கொடு" என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழேயே, "பேட்டிதானே எடுக்கிறாள், ஊசியா போடுகிறாள்?" என்றும் கேட்டிருந்தாய். முதலாவதற்கு என் பதில் ஒரே சொல்: முடியாது. இரண்டாவது நல்ல கேள்வி. மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் அதைத்தான் கேட்டேன்.

கூட்டத்தில் உன் பெண் கயலின் ஆய்வு விண்ணப்பத்தை எடுத்ததும், "இவள் எனக்கு வேண்டிய பெண்" என்று சொல்லிவிட்டு நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். விதி அப்படி. வராந்தா பெஞ்சில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அலுவலக உதவியாளர் பாவப்பட்டு ஒரு டீ கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே யார் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் உன்னிடம் சொல்லக் கூடாது. குழுவிலிருந்து அவளுக்குப் போன கடிதத்தை அவளே ஞாயிற்றுக்கிழமை இங்கே சாப்பிட வந்தபோது படித்துக் காட்டினாள். அதில் இருப்பதை மட்டும் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் நான் அங்கே என்ன செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியைக்கு ஆராய்ச்சியில் என்ன வேலை என்று உன் வீட்டுக்காரர் சிரித்தாராமே! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளை முன்கூட்டியே பார்த்து அனுமதி தரும் இந்த மாதிரிக் குழுவில் 7 முதல் 15 பேர் வரை இருக்க வேண்டும். தலைவர் அந்த நிறுவனத்தைச் சேராதவராக இருக்க வேண்டும். டாக்டர்கள், சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியல் படித்தவர் ஆகியோரோடு, மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத பொது ஆள் ஒருவரும் வேண்டும். அந்தப் பொது ஆள் நான். எனக்குத் தெரியாததுதான் என் தகுதி. எனக்கே புரியாத படிவம் குடியாத்தம் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்ணுக்கு எப்படிப் புரியும் என்று கேட்கவே என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்.

போன வருடம் ஒரு சம்மதப் படிவம் வந்தது. கணினியில் போட்டு மொழிபெயர்த்தது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. "இந்த ஆய்வில் 120 மனிதப் பாடங்கள் சேர்க்கப்படும்." பாடங்களாம்! ஆய்வில் சேரும் ஆட்களை ஆங்கிலத்தில் 'சப்ஜெக்ட்' என்பார்களாம். அடுத்த பக்கத்தில், "உங்களிடமிருந்து 5 மில்லி இரத்தம் வரையப்படும்." அதற்கும் அடுத்து, "நீங்கள் இரண்டாவது கையில் இடம்பெறக்கூடும்." ஆய்வில் ஒரு பிரிவைக் கை என்று ஆங்கிலத்தில் சொல்வார்களாம். படிக்கிற கிழவி தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாள். எட்டாம் வகுப்புக் கட்டுரை நோட்டைத் திருத்துவதுபோல் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தேன். "யாருக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது" என்று எழுதினேன். குலுக்கல் சீட்டு கட்டாத பெண் இந்த ஊரில் உண்டா? "மறுத்தாலும் உங்களுக்குக் கிடைக்கும் வைத்தியம் குறையாது" என்ற வரி நான்காம் பக்கத்தின் அடியில் ஒளிந்துகொண்டிருந்தது. அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். அதற்காக அரை மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது.

இன்னொரு முறை, சம்மதம் எப்படி வாங்குகிறார்கள் என்று நேரில் பார்த்து வரும்படி ஒரு கிராமத்துக்கு அனுப்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வில் சம்பந்தப்படாத, படிக்கத் தெரிந்த ஒருவர் சாட்சியாக இருந்து, முழுவதும் படித்துக் காட்டிய பிறகுதான் கைரேகை வாங்க வேண்டும். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மைப்பெட்டியைத் திறந்ததும் ஒரு பாட்டி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அம்மா, இதில் கைநாட்டு வைத்தால் முதியோர் பென்ஷனை நிறுத்துவார்களா, இல்லை, வைக்காவிட்டால் நிறுத்துவார்களா?" அவள் பயம் இரண்டு பக்கமும் இருந்தது. படிவத்தில் அந்தப் பயத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

இந்தக் குழுக்கள் எல்லாம் யாரோ வேலையில்லாதவர்கள் உண்டாக்கியவை என்று நீ நினைக்கலாம். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் டஸ்கிகி என்று ஓர் ஊர். 1932இல் அந்த நாட்டின் பொதுச் சுகாதாரத் துறையே ஓர் ஆய்வைத் தொடங்கியது. மேகநோய் (சிபிலிஸ்) கண்ட 399 கறுப்பின ஆண்கள், நோயில்லாத 201 பேர். எல்லோரும் ஏழைகள். நோயின் பெயரைச் சொல்லவில்லை, "கெட்ட ரத்தம்" என்றார்கள். சூடான சாப்பாடும், செத்தால் அடக்கச் செலவும் இலவசம். 1940களில் அதைக் குணப்படுத்தும் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. வைத்தியம் பார்க்காவிட்டால் நோய் எப்படி முற்றும் என்று பார்ப்பதுதானே ஆய்வு! பத்திரிகையில் வெளிவந்து 1972இல் நிறுத்தினார்கள். நாற்பது வருடம், மல்லிகா. ஆய்வில் சேரும் மனிதர்களைக் காக்க 1974இல் அங்கே சட்டம் வந்தது, அவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் பெல்மான்ட் அறிக்கை 1979இல் வந்தது. கயல் மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடும் எந்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலும் இப்படி ஒரு குழு இருக்கும். அங்கே சேர்ந்த பிறகு ஆய்வுக்காக அவள் ஊருக்கு வந்தாலும் அங்கேயும் அனுமதி வாங்க வேண்டும், இங்கேயும் வாங்க வேண்டும். என்னிடமிருந்து தப்பித்துப் போக அமெரிக்கா தோதான இடமில்லை என்று அவளிடம் சொல்.

நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் பள்ளிச் சிறுமிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். தடுப்பூசி நல்லதா கெட்டதா என்பதல்ல பேச்சு, இன்று அதைப் பல நாடுகளில் போடுகிறார்கள். விடுதியில் தங்கிய பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010 ஏப்ரலில் அது நின்றது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. இதைப் பயிற்சி வகுப்பில் சொன்னபோது எனக்கு வியர்த்துவிட்டது. நானும் தலைமையாசிரியையாக இருந்தவள்தானே. சுற்றுலா, முகாம், பரிசோதனை என்று வந்த எத்தனை தாள்களில் "பெற்றோர் சார்பாக" என்று நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்! நல்ல எண்ணத்தோடுதான் போட்டேன். அந்த வார்டன்களும் அப்படித்தான் போட்டிருப்பார்கள்.

சரி, பேட்டிக்கு வருகிறேன். பீடி சுற்றும் பெண்களின் முதுகுவலி, இருமல், கூலி பற்றிக் கேட்க வேண்டும் என்பது கயலின் திட்டம். நல்ல திட்டம், எனக்கு அதில் பெருமைதான். ஆனால் எங்கே வைத்துக் கேட்டாள் தெரியுமா? ஏஜென்ட் வீட்டுத் திண்ணையில். எல்லாப் பெண்களும் சுற்றிய பீடியைக் கொடுத்துவிட்டு, இலையும் தூளும் வாங்கிப் போக அங்கேதான் வருவார்கள், ஒரே இடத்தில் ஆள் கிடைக்கும் என்று போயிருக்கிறாள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டே ஒரு பெண் பேசியிருக்கிறாள். தகடு வைத்து இலையை வெட்டி, தூளை இட்டு, சுருட்டி, நூல் கட்டி, நுனியை மடக்குகிற வரைக்கும் கை நிற்கவே இல்லையாம், வாய் மட்டும் கேள்விக்குப் பதில் சொன்னதாம். "ஆயிரத்துக்கு நூறு கழிவு என்று தள்ளிவிடுகிறார், தள்ளிய பீடியும் திரும்ப வருவதில்லை" என்று அவள் சொன்னபோது, உள்ளே ஏஜென்ட் காபி குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணுக்குப் பாதி இலைதான் கிடைத்தது. காரணம் இதுதானா என்று யாரும் நிரூபிக்க முடியாது. கயல் அதை என்னிடம் சொல்லும்போது தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. ஊசி போடவில்லைதான்.

உனக்குத் தெரியாத விஷயம் இது. அனுமதி வருவதற்கு முன்பே "பழகிப் பார்க்கலாம்" என்று ஆறு பேரைப் பேட்டி எடுத்துவிட்டாள். அதில் ஒருத்திதான் இவள். நீ "பழைய தேதி போட்டு வாங்க முடியாதா" என்று எழுதியது இந்த ஆறைப் பற்றி என்றால், அந்தப் பேச்சை இதோடு விடு. நடந்து முடிந்ததற்குப் பின்னால் அனுமதி தருகிற வழக்கம் எந்த ஒழுங்கான குழுவிலும் கிடையாது. அந்த ஆறு பேட்டிகளை அவள் ஆய்வில் சேர்க்கக் கூடாது. நான் சொல்வதற்கு முன்னால் அவளே அந்த முடிவுக்கு வந்திருந்தாள். குழுவுக்கும் தானே எழுதித் தெரிவித்துவிட்டாள். நீ வளர்த்த பெண், சந்தோஷப்படு.

குழு கேட்டிருப்பது மூன்றுதான். பேட்டியை ஏஜென்ட் கண்ணில் படாத இடத்தில் வைத்துக்கொள்ள முடியுமா, பதிவு செய்த குரலை எங்கே வைப்பாய், எப்போது அழிப்பாய், பேசும் நேரத்துக்கு அந்தப் பெண்கள் இழக்கிற கூலிக்கு என்ன செய்வாய். மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு நாளைக்கு 700, 800 பீடி சுற்றுகிறவளுக்கு ஒரு மணி நேரம் என்றால் சும்மாவா? இழந்த கூலியை ஈடுகட்டலாம், ஆனால் பணத்துக்காகவே வந்து உட்காரும் அளவுக்குக் கொடுத்துவிடக் கூடாது. அந்தத் தொகையைக் கணக்குப் போட அவள் ஒரு வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள்.

இனி உன் உண்மையான கவலைக்கு வருவோம். டிசம்பர் ஆரம்பத்திலிருந்தே கடைசித் தேதிகள் வரத் தொடங்கிவிடும், அதற்குள் ஆய்வு முடிவு கையில் இல்லையென்றால் அமெரிக்காவில் இடம் கிடைக்காது என்று நினைக்கிறாய். முடிவு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. "திட்டம் நெறிமுறைக் குழுவின் பரிசீலனையில் இருக்கிறது" என்று உள்ளதை எழுதினால் போதும். மூன்று பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், அது இருக்கிறது. ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வைப் பல இடங்களில் இப்போது கேட்பதே இல்லை. முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் கட்டணமும் கிடையாது, மாதச் செலவுக்கும் பணம் தருவார்கள். வீட்டை அடமானம் வைக்கிற பேச்சை உன் வீட்டுக்காரர் நிறுத்தட்டும். ஒன்றும் அமையவில்லையென்றால் இங்கேயே நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய். நாம் இருவரும் வேலையில் சேர்ந்தபோது வாங்கிய சம்பளத்தை நினைத்துப் பார்.

பலவீனமாக இருப்பது ஏன் படிக்க வருகிறேன் என்று அவள் எழுதிய இரண்டு பக்கம்தான். "சிறு வயதிலிருந்தே சமுதாயத்துக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற தாகம்" என்று தொடங்குகிறது. சிறு வயதில் அவளுக்கு இருந்த தாகம் ரோஸ்மில்க்குக்குத்தான் என்பது நம் இருவருக்கும் தெரியும். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எனக்குத் தமிழில் சொல்" என்றேன். திண்ணை, முறம், கழிவுப் பீடி, பாதி இலை, தான் செய்த தவறு என்று கொட்டித் தீர்த்துவிட்டாள். "இதை எழுது" என்றேன். "தப்புச் செய்தேன் என்று விண்ணப்பத்திலா எழுதுவார்கள், பெரியம்மா?" என்று முழித்தாள். நான் படித்து மதிப்பெண் போடுகிறவளாக இருந்தால் அதற்குத்தான் போடுவேன் என்றேன். அமெரிக்கப் பேராசிரியர் எப்படிப் போடுவாரோ, அந்தப் பொறுப்பை நான் ஏற்க முடியாது. அந்தப் பெண்ணின் ஊரையும் அடையாளத்தையும் மாற்றிவிட்டு எழுத வேண்டும் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

மற்றபடி இங்கே எல்லோரும் நலம். பாலாற்றில் கொஞ்சம் தண்ணீர் ஓடுகிறது என்று ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறது. எதிர்வீட்டு மாடியை வைத்தியத்துக்கு வந்த வங்காளக் குடும்பம் ஒன்றுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளி தெரியாது. கடுகெண்ணெயில் பொரித்த மீன் மட்டும் எனக்கு வந்துவிடுகிறது.

அடுத்த கூட்டம் 18ஆம் தேதி. கயலின் பெயர் வந்ததும் நான் மறுபடி எழுந்து வெளியே போய்விடுவேன். அந்த பெஞ்சுக்கு முதுகு சாய இடமில்லை, இந்த முறை வீட்டிலிருந்து ஒரு தலையணையும் ஃபிளாஸ்கில் காபியும் கொண்டுபோகிறேன்.

உன்
சரோஜா