புவிண்டியிலிருந்து ராசுவுக்கு

அன்புள்ள ராசு,

வாட்சப் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று முணுமுணுப்பாய். போனில் பேசினால் பாதியில் குறுக்கே விழுந்து உன் காட்டுக் கதையை ஆரம்பித்துவிடுவாய். இந்தத் தடவை நான் சொல்லி முடிக்கும்வரை நீ கேட்டாக வேண்டும். அதோடு உன்னிடம் ஒரு கேள்வியும் இருக்கிறது. அது என்னுடையது அல்ல.

பதினொரு வருஷமாக உகாண்டாவில், கம்பாலாவில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் "கொரில்லா பாத்தியாடா?" என்பாய். வெளிநாட்டுப் பயணிக்கு அனுமதிச் சீட்டு 800 டாலர், என்னைப் போல இங்கேயே வேலை பார்க்கும் வெளிநாட்டுக்காரனுக்கு 700. பக்கத்து ருவாண்டாவில் 1500. ஒரு மணி நேரம் குரங்கு பார்க்க இத்தனை காசா என்று தள்ளிப்போட்டேன். (குரங்கு இல்லை, வாலில்லாக் குரங்கு என்று நீ திருத்துவது காதில் விழுகிறது.) டிசம்பரோடு இங்கே என் வேலை முடிகிறது. பார்க்காமல் வந்தால் நீ வீட்டு வாசல்படி ஏற்றமாட்டாய் என்ற பயத்தில் போனமாதம் சீட்டு வாங்கிவிட்டேன்.

கம்பாலாவிலிருந்து தென்மேற்கே ஒரு பகல் முழுக்கப் பயணம். ம்பராரா பக்கம் அங்கோலே மாடுகளைப் பார்க்க வண்டியை நிறுத்தச் சொன்னேன். நம் காங்கேயம் காளை இதன் பக்கத்தில் நின்றால் கொம்பே இல்லாத மாதிரி இருக்கும். கடைசியில் மண்ரோடு. வால்பாறை ரோட்டின் வளைவுகளை எடுத்துக்கொண்டு தாரை உரித்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. இருட்டும் நேரத்தில், கொரில்லா இருக்கும் புவிண்டிக் காட்டின் ஓரத்தில் புஹோமா என்ற ஊரின் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தேன். திண்ணையில் உட்கார்ந்தால் எதிரே காடு சுவர் மாதிரி நிற்கிறது. நம் பக்கம் சோலைக்கு நடுவே புல்மேடு வந்து கண்ணுக்கு மூச்சுவிட இடம் கொடுக்குமே, அந்த இடைவெளி இங்கே கிடையாது. மொத்தமே 330 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். நீ காத்த புலிகள் காப்பகத்தோடு பார்த்தால் சின்னத் துண்டு. சுற்றிலும் விளிம்புவரை வாழை, பீன்ஸ், தேயிலை, வீடுகள். காடு எங்கே முடிகிறது என்பது கத்தி வைத்துக் கீறினது போலத் தெரியும்.

மறுநாள் காலை எட்டுப் பேரை ஒரு குழுவாகப் பிரித்தார்கள். சளி, இருமல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எல்லோருக்கும் முகக்கவசம், பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1996இல் இங்கே கொரில்லாக்களுக்குச் சிரங்கு வந்து முடி கொட்டி, ஒரு குட்டி செத்துப்போனது. மனிதர்களிடமிருந்து ஒட்டியிருக்க வேண்டும், அநேகமாகத் தோட்டத்துச் சோளக்கொல்லைப் பொம்மைக்குப் போட்ட பழைய துணியிலிருந்து. அப்போது வைத்தியம் பார்த்தவர் கிளாடிஸ் கலேமா-ஜிகுசோகா, உகாண்டாவின் வனவிலங்கு ஆணையத்துக்கு முதல் கால்நடை மருத்துவர், இருபது சொச்சம் வயதுப் பெண். கிராமத்து ஜனங்களுக்குச் சிரங்கு இருக்கிறவரை கொரில்லாவுக்கும் இருக்கும் என்று புரிந்துகொண்டு, 2003இல் இரண்டு பேருடைய ஆரோக்கியத்தையும் சேர்த்தே பார்க்கும் ஓர் அமைப்பைத் தொடங்கினார். உனக்கு இந்த அம்மாவைப் பிடிக்கும்.

பை சுமக்க ஆள் வேண்டுமா என்று கேட்டார்கள். ஒரு சின்னப் பையைத் தூக்க ஆளா என்று கூச்சப்பட்டு வேண்டாம் என்றேன். அரை மணி நேரத்தில் சேற்றில் சறுக்கி உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் வந்த ஜெர்மன்காரம்மாவின் பையைத் தூக்கிவந்த பெண் ஒரு கையால் என்னை எடுத்து நிறுத்தினாள். பிறகு என் பையும் அவள் தோளுக்குப் போயிற்று. காலேஜ் ஃபீஸுக்காக வருகிறாளாம். அட்டைக்குப் பழகிய காலடா நமக்கு, இங்கே எறும்பு. வரிசையாகப் போகிற கறுப்பு எறும்புக்கூட்டத்தில் மிதித்துவிட்டால் கால்சட்டைக்குள் ஏறி முடிந்தபிறகுதான் எல்லாம் ஒரே சமயத்தில் கடிக்கும். சாக்ஸுக்குள் கால்சட்டையைச் செருகச் சொன்னதை நான் கேட்கவில்லை. அதற்குமேல் விவரம் வேண்டாம்.

கொரில்லாவை நாம் தேடிக்கொண்டு போவதில்லை. தடம் பார்க்கிறவர்கள் விடியும்போதே கிளம்பி, நேற்றுக் கூட்டத்தை விட்டுவந்த இடத்துக்குப் போகிறார்கள். அங்கிருந்து ராத்திரிப் படுக்கையைக் கண்டுபிடிக்கிறார்கள். கொரில்லா தினம் சாயங்காலம் இலை தழையை மடக்கிப் புதுப் படுக்கை போடுமாம், நேற்றையதில் படுக்காதாம். படுக்கையில் கிடக்கும் சாணத்தைப் பார்த்து எத்தனை, எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுகிறார்கள். பிறகு வாக்கி-டாக்கியில் வழிகாட்டிக்குச் சொல்கிறார்கள். உன் வேட்டைத் தடுப்புக் காவலர்களை இங்கே கொண்டுவந்து விட்டால் பாஷை தெரியாமலே பேசிக்கொள்வார்கள்.

எங்களுக்கு வாய்த்தது முபாரே கூட்டம். புவிண்டியில் மனிதருக்குப் பழக்கி, 1993இல் முதன்முதலாகப் பார்வைக்குத் திறந்துவிட்ட கூட்டம் இதுதான். இரண்டரை மணி நேரம் நடந்தபிறகு கைத்தடி, பையெல்லாம் கீழே வைக்கச் சொன்னார்கள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். புதருக்குள்ளிருந்து முதலில் வந்தது ஒரு சத்தம். நீள, நிதானமாக, எந்த வெட்கமும் இல்லாமல். நாள் முழுக்க இலை தின்கிற வயிறு அல்லவா! ஜெர்மன்காரம்மா முகக்கவசத்துக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அப்புறம் இலை விலகியது. முதுகு வெள்ளி நரைத்த ஆண் ஒன்று கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்த பெரியவர் போல உட்கார்ந்திருந்தது. தண்டு ஒன்றை எடுத்து, கரும்பு உரிப்பது மாதிரிப் பல்லால் உரித்து, உள்சதையை மட்டும் தின்றது. வழிகாட்டி தொண்டையை இரண்டு முறை கனைப்பது போல ஓர் ஒலி கொடுத்தார், "நாங்கள்தான், பயப்படாதே" என்று அதற்கு அர்த்தமாம். அதுவும் திருப்பிக் கனைத்தது. ஒரு குட்டி எழுந்து நின்று மார்பில் அடித்துக்காட்டப் பார்த்து, நிலை தவறிப் பின்பக்கமாக உருண்டது. ஒரு தாய் மட்டும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு அலுத்துப்போய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. போனில் எடுத்ததெல்லாம் கறுப்புத் திட்டு. ஒரு மணி நேரம் முடிந்தது என்றார் வழிகாட்டி. பத்து நிமிஷம் ஆனதாகத்தான் எனக்குப் பட்டது. 700 டாலரைப் பற்றி இனி வாய் திறக்கமாட்டேன்.

இந்தக் கூட்டத்தின் பழைய தலைவன் பெயர் ருஹோண்டெசா, தூங்குமூஞ்சி என்று வைத்துக்கொள்ளேன். கிழடு தட்டியதும் கூட்டத்தைவிட்டு விலகி, காட்டைத் தாண்டிக் கிராமத்துப் பக்கம் தனியாகச் சுற்ற ஆரம்பித்தது. ஊர்க்காரர்களிடம் எடுத்துச் சொன்னார்கள், அவர்களும் விட்டுவைத்தார்கள். 2012இல் தானாகச் செத்தது. புஹோமாவிலேயே புதைத்திருக்கிறார்கள். வேலியை முறித்துக்கொண்டு வந்த கிழட்டு ஒற்றை யானைக்காக நீ ஊர்க்காரர்களிடம் கெஞ்சிக்கொண்டு நின்ற ராத்திரி ஞாபகம் வந்தது.

மலை கொரில்லா உலகத்தில் மொத்தம் 1063 என்று 2018இல் முடிந்த கணக்கெடுப்பு சொல்கிறது. அதில் இந்தப் பக்கம் 459, மிச்சம் விருங்கா எரிமலைகளில். ஒரு காலத்தில் அழிந்தேவிடும் என்றிருந்தார்கள், இப்போது ஏறுமுகம். அந்த வருஷமே ஆபத்துப் பட்டியலில் ஒரு படி கீழே இறக்கினார்கள். சீட்டுக் காசில் சீட்டுக்குப் பத்து டாலர் சுற்றுக் கிராமங்களுக்குப் போகிறது. உன் கட்சிதான் ஜெயித்தது என்று சொல்ல வந்தேன் என நினைக்கிறாயா? இரு.

அடுத்த நாள் விடுதியிலிருந்து பட்வா மக்களிடம் கூட்டிப்போனார்கள். காட்டுக்குள்ளேயே வாழ்ந்தவர்கள். தேன், கிழங்கு, சின்ன வேட்டை. 1991இல் புவிண்டியைத் தேசியப் பூங்கா ஆக்கியபோது அவர்களை வெளியேற்றினார்கள். பெரும்பாலோருக்கு நிலமும் இல்லை, காசும் இல்லை. இப்போது காட்டுக்கு வெளியே ஒரு மரச்சரிவில், குச்சியைக் குச்சியில் கடைந்து நெருப்பு உண்டாக்கிக் காட்டுகிறார்கள். வலை விரித்து, இல்லாத மானை விரட்டிக் காட்டுகிறார்கள். கடைசியில் ஆட்டம், பாட்டு. எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன், ஆனால் கை ஒத்துவரவில்லை. அதே சமயம், அந்தக் காசு இல்லாவிட்டால் அவர்களுக்கு அதுவும் இல்லை, பேரப்பிள்ளைகள் எந்த மரத்தின் பட்டை எதற்கு மருந்து என்று கற்றுக்கொள்வதும் இந்தச் சாக்கில்தான் என்று அங்கே ஒருவர் சொன்னார். 2021இல் அரசியல் சாசன நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் காடு அவர்களுக்கு இன்னும் வேலிக்கு அந்தப் பக்கம்தான்.

முப்பது வருஷம் முன்னால் டாப்ஸ்லிப்பில் உன் குவார்ட்டர்ஸ் திண்ணையில் விடியவிடியச் சண்டை போட்டோமே. "ஆள் வெளியே போனாத்தான் மிருகம் உள்ளே இருக்கும்" என்பாய் நீ. உன் கோழிகமுத்தி முகாம் யானைகளைக் கட்டி மேய்க்க மலசரும், தடம் பார்க்கக் காடரும் என்று அந்தக் காட்டுப் பழங்குடிகளே வேண்டியிருக்கிறதே என்பேன் நான். இங்கே வந்து கொரில்லாவைப் பார்த்ததும் நீ சொன்னது சரி என்று தோன்றியது. மறுநாளே நான் சொன்னதும் சரி என்று தோன்றியது. இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு கம்பாலா திரும்பினேன்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் தேன் வாங்கிக்கொண்டிருந்தபோது, நெருப்புக் கடைந்த கிழவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எந்த ஊர் என்று மொழிபெயர்ப்பவர் மூலம் கேட்டார். இந்தியா, மலையடிவாரம், அங்கேயும் காடு, யானை, புலி என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தக் காட்டுக்காரர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்றார். என் நண்பன் அங்கே வனத்துறையில் இருந்தவன், கேட்டுச் சொல்கிறேன் என்றேன். தலையாட்டினார். விடுதிக்காரர் மாதம் ஒருமுறை அவர்கள் பக்கம் போவாராம், சொல்லிவிடலாம்.

ஆகையால் விவரமாக எழுது. சுருக்கிவிடாதே.

தங்கச்சிக்குச் சொல்: இங்கே கலோ என்று ஒன்று சின்ன ஓலைக்கூடையில் வைத்துத் தருகிறார்கள். திறந்து பார்த்தால் நம் ராகிக் களி, கொஞ்சம் மரவள்ளி மாவு கலந்தது! கேழ்வரகே இந்தக் கிழக்காப்பிரிக்க மேட்டிலிருந்துதான் பல ஆயிரம் வருஷம் முன்னால் நம் பக்கம் வந்ததாம். நிலக்கடலைக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன், கீரை கடைசலாக இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். காட்டோரத்து விவசாயிகளின் காப்பிக்கொட்டை இரண்டு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன். வறுக்காதது, அவள் கையாலேயே வறுக்கட்டும்.

உன்,
சோமு