வள்ளியம்மை நினைவு நாளுக்குள் உதவி அறையைத் திறக்க நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர், வணக்கம்.

நம் மாரியம்மன் கோயிலின் பின்புறமுள்ள பழைய தமிழ்ப் பள்ளி அறையைச் செப்பனிட்டு, வேலையிழந்தோர்க்கும் கூலி மறுக்கப்பட்டோர்க்கும் இலவசச் சட்ட உதவி தரும் இடமாக வரும் பிப்ரவரி 22 அன்று திறப்பதென, ஆடி மாதக் கூழ் வார்த்த அன்று கூடிய பொதுக்கூட்டம் ஒருமனதாக முடிவு செய்தது. கூரை வேலைக்கு ஒப்பந்தக்காரர் சொன்ன விலை ஜனவரி 31 வரைதான் செல்லும். மொத்தச் செலவில் இன்னும் 1,38,500 ராண்ட் குறைகிறது.

இந்த அறை ஏன் என்று கேட்போர்க்கு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அன்னதானத்தன்று நம் பாத்திரங்களைத் துலக்கித் தரும் அம்மாவின் மகன் சென்ற ஆண்டு இறந்தான். கருமாதி வரை பதினாறு நாளும் நாம் அந்த வீட்டுக்குப் போனோம், சோறு கொண்டுபோனோம், தேவாரம் பாடினோம், அவரோடு சேர்ந்து அழுதோம். மகனை அடக்கம் செய்ய விடுப்பு எடுத்ததற்காக, பல ஆண்டுகள் வேலை செய்த வீட்டார் அவரை நிறுத்திவிட்டார்கள் என்பது நம்மில் ஒருவருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் ஒருவரும் கேட்கவில்லை. வேலை போன 41ஆம் நாள், மகனின் பள்ளி நோட்டில் தான் வாங்கிய கூலியை மாதவாரியாகப் பென்சிலில் குறித்து வைத்திருந்ததை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார். நியாயமற்ற பணிநீக்கத்தை 30 நாட்களுக்குள் சமரச ஆணையத்திடம் முறையிட வேண்டும் என்பது தென்னாப்பிரிக்கச் சட்டம். தாமதத்தைப் பொறுத்தருளக் கோரி மனுச் செய்யலாம். ஆனால் அதை எழுதித் தர நம்மிடம் ஆள் இல்லை. அவருக்கு ஒரு சென்ட் கூடக் கிடைக்கவில்லை.

நம் முன்னோரின் துக்கம் இப்படிச் சோற்றோடு முடிந்துவிடவில்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பனில் வந்திறங்கிய ‘ட்ரூரோ’ கப்பலைத் தொடர்ந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள், முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலிக்குக் கரும்பு வெட்டினார்கள். ஒப்பந்தம் முடிந்தும் இங்கே தங்க விரும்பியவர்மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் சுமத்திய வரியோ ஆண்டுக்கு 3 பவுன், அதாவது அந்தக் கூலியில் ஆறு மாதச் சம்பளம். 1913இல் டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பெண்கள் நியூகாசில் சுரங்கத் தொழிலாளரிடம் இதை எடுத்துச் சொன்னபோது வேலைநிறுத்தம் மூண்டது. வேலைநிறுத்தம் செய்தவர்கள் குடும்பத்தோடு டிரான்ஸ்வால் எல்லை நோக்கி நடந்த நெடும்பயணத்தில் ஒரு குழந்தை குளிரில் இறந்தது. மற்றொன்று ஓடையைக் கடக்கையில் தாயின் கையிலிருந்து நழுவி மூழ்கியது. போனவர்களை எண்ணி அழுதால் அவர்கள் திரும்பப் போவதில்லை, இருப்பவர்களுக்காகத்தான் நாம் உழைக்க வேண்டும் என்று அத்தாய்மாரில் ஒருவர் சொல்லி மேலே நடந்ததைக் காந்தியடிகள் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற பதினாறு வயதுத் தில்லையாடி வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து கொடுங்காய்ச்சலோடு வெளிவந்து 1914 பிப்ரவரி 22 அன்று உயிர்நீத்தார். அதே ஆண்டு அந்த வரி ஒழிந்தது. நம் முறைப்படி நடந்த திருமணங்களும் சட்டப்படி செல்லுபடியாயின.

2022 ஏப்ரல் பெருவெள்ளம் குவாசுலு-நேட்டாலில் 400க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது பள்ளி அறையின் கூரையும் பிளந்தது. அந்த அறை, பகலெல்லாம் கரும்பு வெட்டிய நம் பாட்டன்மார் மாலையில் தாமே கல் சுமந்து கட்டியது. இன்றும் மழை பெய்தால் கரும்பலகையின் மேல் தண்ணீர் வழிகிறது.

கூரைக்கு 1,42,000 ராண்ட், சாய்தளத்துக்கும் கழிப்பறைக்கும் 98,000, மேசை, அலமாரி, கணினிக்கு 55,000, வாரம் இரண்டு நாள் அமர்ந்து மனு எழுதித் தரும் பணியாளருக்கு மாதம் 7,500 வீதம் ஓராண்டுக்கு 90,000. ஆக மொத்தம் 3,85,000 ராண்ட். இதுவரை சேர்ந்தது 2,46,500. வள்ளியம்மைக்கு நினைவுக்கல் வைக்க ஆசைப்பட்ட பெரியவர்கள், அறை முதலில் என்று தாங்களாகவே விட்டுக்கொடுத்தார்கள்.

கொடுத்தவர்களை நாங்கள் மறக்கமாட்டோம். புரட்டாசிச் சனிக்கிழமைதோறும் விடியுமுன் எழுந்து முறுக்குச் சுட்டு விற்ற தாய்மார்கள், தம் ஓய்வூதியத்தில் மாதந்தவறாமல் 200 ராண்ட் எடுத்துவைக்கும் தமிழாசிரியர் ஐயா, தாயின் திவசச் செலவைக் குறைத்து மிச்சத்தைப் பெயர் சொல்லாமல் தந்த குடும்பம், இந்த அறை தங்களுக்கும் திறந்திருக்கும் என்று கேட்டதும் திருச்சபையில் தட்டேந்தி வசூலித்துத் தந்த சுலு அயலார், அனைவரையும் அம்மன் காக்கட்டும்.

வருத்தத்தோடு ஒன்றைச் சொல்கிறோம். சென்ற தைப்பூசக் காவடிக்கு மின்விளக்கு அலங்காரத் தொகை ஒரே வாரத்தில் சேர்ந்தது. அதற்கு மனமுவந்து கொடுத்த வீடுகளில் பாதிக்கு மேல் இந்தப் பட்டியலில் இன்னும் இல்லை. கருமாதிப் பந்தலில் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னவர்களும் அந்த வீடுகளில் இருக்கிறார்கள். அவர் கேட்கவில்லை. அவருக்காக இப்போது நாங்கள் கேட்கிறோம்.

ஞாயிறுதோறும் காலைப் பூசைக்குப் பின் பொருளாளர் மண்டபத்தில் இருப்பார். எவ்வளவு சிறிய தொகைக்கும் ரசீது தருவார். பணமாகத் தர இயலாதவர்கள் தகரம், சிமெண்ட், ஒரு நாள் உடலுழைப்பு என எதைத் தந்தாலும் கணக்கில் ஏற்றுக்கொள்வோம். ஜனவரி 31க்குள் தந்துதவுங்கள். அந்த அம்மாவும் பிப்ரவரி 1 முதல் அறையைக் கழுவி மெழுக வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்