அம்மிணிக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள அம்மிணி,

உன் பைக்கில் வாட்டர் பம்ப் ஒழுகியது. இப்போது சரியாகிவிட்டது, கவலைப்படாதே. ஆனால் அது கெட்டதில் என் பங்கும் இருக்கிறது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ ஜெர்மனி கிளம்பும்போது, வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டர் ஃபேன் சுற்றும் வரை ஓடவிடச் சொன்னாய். தவறாமல் செய்தேன். சித்திரையில் ஒருநாள், இன்ஜினைக் குளிரவைக்கும் கூலண்ட் இருக்கும் டப்பாவில் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருந்தது. வெயிலுக்கு வற்றியிருக்கும் என்று நினைத்து, சொம்பில் போர் தண்ணீரை மொண்டு ஊற்றினேன். அந்தக் கோடையில் இப்படி நாலைந்து தடவை. முப்பது வருடம் பம்ப் கம்பெனியில் அசெம்பிளியில் நின்றவன், குறைகிற தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருமுறையாவது குனிந்து பார்த்திருக்க வேண்டும். குடிக்கச் சிறுவாணித் தண்ணீர் பிடித்து வைக்கிற வீட்டில், உன் இன்ஜினுக்கு மட்டும் உப்புத் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன்.

ஆடி பதினெட்டு அன்று காலையில் வண்டிக்கு அடியில் பச்சையாக ஒரு திட்டு. தெரு நாய்க்குட்டி அதை மோந்துகொண்டிருந்தது. விரட்டிவிட்டு, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கூலண்ட் இனிப்பாக இருக்கும், நக்கிவிடும். கொஞ்சம் உள்ளே போனாலே நாய்க்குச் சிறுநீரகம் போய்விடும். அங்கே நீ வண்டி வாங்கினாலும் இதை நினைவில் வைத்துக்கொள்.

சொட்டு எங்கிருந்து வருகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். பம்புக்கு அடியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை. வந்து பார்த்த மெக்கானிக் பையன், எம்-சீல் வைத்து அடைத்துவிடலாம் என்றான். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அது வேண்டுமென்றே போட்ட துளை, அம்மிணி. பம்ப் ஷாஃப்டில் இரண்டு சீல் இருக்கும். கூலண்டைத் தடுப்பது மெக்கானிக்கல் சீல், இன்ஜின் ஆயிலைத் தடுப்பது ஆயில் சீல். துளை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பச்சையாகச் சொட்டினால் முதல் சீல் போய்விட்டது, ஆயில் சொட்டினால் இரண்டாவது. அடைத்துவிட்டால் கூலண்டுக்கு வேறு வழி கிடையாது, ஆயில் சீலைத் தாண்டி இன்ஜினுக்குள் போய்விடும். ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறும், பேரிங் எல்லாம் போய்விடும். நான் முதலில் பார்த்ததே ஆயிலைத்தான். சுத்தமாக இருந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில்தான் ரேடியேட்டர் மூடியைத் தொட்டேன். சூட்டில் திறந்தால் உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கு முகத்திலேயே பீய்ச்சும். கூலண்ட், ஆயில் இரண்டையும் வடித்தேன். கூலண்ட் தெளிந்த பச்சையாக வரவில்லை, கலங்கிய கஞ்சி மாதிரி வந்தது. போல்ட் எல்லாம் ஒரே நீளம் இல்லை. அம்மாவின் சேலைப் பெட்டி அட்டையில் பம்ப் மூடியின் வடிவத்தை வரைந்து, எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைத்தேன். மாறிப் போய் நீளமானதைக் குட்டைத் துளையில் முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும்.

பம்பைத் திறந்தேன். கூலண்டைத் தள்ளிவிடும் சக்கரமான இம்பெல்லரின் இதழ்களில் வெள்ளையாக உப்பு. பழைய சீலின் கார்பன் முகத்தில் வட்டமாகக் கீறல். சீலின் கார்பன் முகமும் செராமிக் முகமும் ஒன்றையொன்று தேய்க்கும்போது நடுவில் மெல்லிய கூலண்ட் படலம்தான் காப்பு. அதில் உப்புப் பொடி புகுந்தால் மணல்தாள் மாதிரிதான். ஒழுக்கு முன்பே ஆரம்பித்திருக்கலாம். ஆனாலும் அந்தக் கீறலைப் பார்த்தபோது மனசு சங்கடமாகிவிட்டது.

ஷாஃப்டில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். பள்ளம் இல்லை, அதையே வைத்துக்கொண்டேன். காந்திபுரத்தில் இரண்டு சீல், ஓ-ரிங், கேஸ்கெட், செம்பு வாஷர் எல்லாம் புதிதாக வாங்கினேன். பழைய கேஸ்கெட்டைக் காலாவதியான ஏடிஎம் கார்டால் சுரண்டினேன். கத்தி வைத்தால் அலுமினியத்தில் கோடு விழும். பம்ப் மூடியை வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, சீலின் வெளி விளிம்பில் மட்டும் உட்காருகிற சாக்கெட்டை வைத்து மெதுவாகத் தட்டி இறக்கினேன். சீல் முகத்தில் விரல் படவே விடவில்லை. கம்பெனியில் புதுப் பையன்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது அதுதான். மூடி போல்ட்டுகளை, முறுக்கும் அளவைக் காட்டுகிற டார்க் ரெஞ்சில் 10 நியூட்டன் மீட்டர் வைத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன்.

புது ஆயில் ஊற்றியாயிற்று. கூலண்டைப் பொறுத்தவரை, முதலில் டிஸ்டில்டு வாட்டரை மட்டும் ஊற்றி ஓடவிட்டு, வடித்து, இரண்டு முறை அலசினேன். அப்புறம் பாதி கூலண்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர். ஹோஸை அமுக்கி அமுக்கி, வண்டியை இரண்டு பக்கமும் சாய்த்து, காற்றை வெளியேற்றினேன். சாய்க்கும்போது அம்மா பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். ஃபேன் தானாகச் சுற்றி நின்றது.

துளைக்கு அடியில் வெள்ளைத் துணி விரித்து வைத்தேன். முதல் நாள் ஒரே ஒரு சொட்டு. புது சீல் முகம் படியும்வரை அப்படி இருக்கும். அடுத்த மூன்று நாளும் துணி காய்ந்தே கிடந்தது.

சீட்டுக்கு அடியில் நீ வைத்திருக்கும் சர்வீஸ் நோட்டில், உன் கையெழுத்துக்குக் கீழே எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதியிருக்கிறேன். அதற்கு முந்தைய வரியில், "சித்திரை முதல் ஆனி வரை போர் தண்ணீர் ஊற்றப்பட்டது - அப்பா" என்றும் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா